அரண்மனை முற்றத்தில் ஒரு கப்பல்

1486 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25 ஆம் திகதி, வட இத்தாலியின் பெராரா நகரத்து அரண்மனை முற்றத்தில் ஒரு கப்பல் ஓடியது. அங்கே கடலுமில்லை, ஆறுமில்லை, வெறும் தரைதான். சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், துடுப்புகளோடும் பாயோடும், பத்துப் பேரைச் சுமந்துகொண்டு முற்றத்தைக் குறுக்காகக் கடந்து வந்தது. எதிரே மரத்தால் கட்டிய மேடை. மேடையின் மேல் ஐந்து வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவும் ஒரு யன்னலும். அன்று நடிக்கப்பட்டது பிளாட்டஸ் எழுதிய 'மெனைக்மி' என்ற நகைச்சுவை நாடகம். எழுதியவர் இறந்து அப்போது ஏறத்தாழ 1670 ஆண்டுகள் கழிந்திருந்தன. செலவு ஆயிரம் தங்க நாணயங்களுக்கு மேல் என்று அந்நகரத்து நாட்குறிப்பு ஒன்று எழுதி வைத்திருக்கிறது.

நாடகமும் அரங்கியலும் பாடத்தில், உரோம அரங்குக்கு எங்கள் குறிப்புக் கொப்பியில் அரைப் பக்கம்தான் இடம். கிரேக்கரைப் பின்பற்றினர், பிளாட்டஸும் டெரன்ஸும் குறிப்பிடத்தக்கோர் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் மறுமலர்ச்சிக் காலத்துக்குப் போய்விடுகிறோம். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் வருடங்களில் அந்த நாடகங்கள் எங்கே இருந்தன என்பதைப் பரீட்சையில் கேட்பதில்லை. அதனால் நாமும் கேட்பதில்லை. அவற்றில் பெரும் பகுதி தொலைந்துபோகவில்லை. பாடப் புத்தகமாக இருந்தன. ஒரு நாடகத்துக்கு அதைவிட மோசமான கதி வேறில்லை என்பது என் எண்ணம். அந்தக் கதியிலிருந்து அவை மீண்ட விதத்தையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த இருவரையும் பற்றிச் சற்று. பிளாட்டஸ் கி.மு. 254 அளவில் இத்தாலியின் சார்சினா என்ற ஊரில் பிறந்து கி.மு. 184 இல் மறைந்தவர். அவருடைய 20 நாடகங்கள் கிட்டத்தட்ட முழுமையாக இன்றுண்டு. டெரன்ஸ் அவருக்கு அடுத்த தலைமுறை. ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பிறந்து, அடிமையாக உரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, செனட்டர் ஒருவரின் வீட்டில் கல்வி கற்று, பின்னர் விடுதலை பெற்றவர் என்று அவரது பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஆறே நாடகங்கள் எழுதினார். கி.மு. 159 இல் இளவயதிலேயே இறந்துபோனார். இருவருமே கதைகளைக் கிரேக்க நாடகங்களிலிருந்து எடுத்தனர். பிளாட்டஸ் வாய்விட்டுச் சிரிக்க வைப்பவர், டெரன்ஸ் புன்னகைக்க வைப்பவர்.

கதைகளின் அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். காதலில் விழுந்த, கையில் காசில்லாத ஓர் இளைஞன். கண்டிப்பான தகப்பன். வாய்ச்சவடால் வீரன் ஒருவன், பணப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கும் கஞ்சன் ஒருவன், சாப்பாட்டுக்காகவே பிறர் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒருவன். இவர்கள் எல்லாரையும் பொம்மைபோல ஆட்டி வைப்பவன் வீட்டு அடிமை. சட்டப்படி அவனுக்குச் சொந்தமாக எதுவுமில்லை, அவனே இன்னொருவரின் சொத்து. ஆனால் மூளை அவனிடம்தான் இருக்கிறது. நடக்கும் இடம் பெரும்பாலும் தெரு. தெருவில் இரண்டு அல்லது மூன்று வீட்டுக் கதவுகள். வீட்டுக்குள் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து வெளியே வருபவர் சொல்லித்தான் அறிகிறோம். மேடையில் காட்டாததைப் பேச்சால் காட்டுவது என்று நாங்கள் படிப்பது இதைத்தான்.

உரோமப் பேரரசு மேற்கில் வீழ்ந்த பிறகு அந்தத் தெருவும் கதவுகளும் மறைந்தன, எழுத்து மட்டும் நின்றது. டெரன்ஸின் இலத்தீன் சுத்தமானது என்பதால் ஐரோப்பாவின் மடாலயப் பள்ளிகளில் அவரை இலக்கணத்துக்காகப் படித்தார்கள். பிள்ளைகள் மனனம் செய்தார்கள். ஆனால் இது எப்படி நடிக்கப்பட்டிருக்கும் என்று எவருக்கும் தெரியவில்லை. டெரன்ஸின் கையெழுத்துப் பிரதிகளில் கலியோப்பியஸ் என்ற பெயர் காணப்படும். அது பிரதியைச் சரிபார்த்தவருடைய பெயர். பிற்காலத்தவர் என்ன நினைத்தார்கள் தெரியுமா? கலியோப்பியஸ் என்பவர் ஒரு சிறு கூண்டுக்குள் அமர்ந்து நாடகம் முழுவதையும் உரக்க வாசித்திருப்பார், முகமூடி அணிந்தவர்கள் முன்னால் நின்று வாய் திறக்காமல் சைகை மட்டும் காட்டியிருப்பார்கள் என்று! அப்படியே படமும் வரைந்து வைத்தார்கள். நடிப்பைக் கண்ணால் காணாமல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தால் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

அந்த நீண்ட காலத்தில் டெரன்ஸை வேறு விதமாக வாசித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் காண்டர்ஸ்ஹைம் என்ற கன்னியர் மடத்தில் வாழ்ந்தவர் ரொஸ்விதா. டெரன்ஸின் மொழி அவருக்குப் பிடித்திருந்தது. கதைகளில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதம் பிடிக்கவில்லை. அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. தானே ஆறு நாடகங்கள் எழுதினார், உறுதியான பெண்களை நடுவில் வைத்து. நான் இந்தப் பாடத்தை எடுத்தபோது என் சாச்சி உம்மாவிடம், "மகள் நாடகம் படிச்சு என்னத்தக் காணப் போறா?" என்று கேட்டார். அக்கறையில் வந்த கேள்விதான். இந்த நாடகங்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடிய இடங்கள் உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை. ரொஸ்விதாவுக்கும் அதே சங்கடம் இருந்தது. அவர் அதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

பிளாட்டஸின் நிலைமை இன்னும் இறுக்கம். இடைக்காலத்தில் அவருடைய நாடகங்களில் எட்டு மட்டுமே பொதுவாகப் புழக்கத்தில் இருந்தன. 1429 இல் நிக்கலஸ் குசானஸ் என்ற அறிஞர் ஜேர்மனியில் கண்டெடுத்த ஒரு பழைய கையெழுத்துப் பிரதி உரோமுக்கு வந்து சேர்ந்தது. அதில் யாரும் அறியாதிருந்த 12 நாடகங்கள் இருந்தன. ஒரே நாளில் எட்டு இருபதாயிற்று. 'மெனைக்மி' அந்தப் புதிய பன்னிரண்டில் ஒன்று. 1472 இல் வெனிஸ் நகரில் பிளாட்டஸ் முதன்முதலாக அச்சேறினார். அச்சேறியதும் படித்தவர்கள் வாங்கினார்கள், உரை எழுதினார்கள், சந்தம் சரியா பிழையா என்று சண்டை பிடித்தார்கள். அப்போதும் அது புத்தகம்தான்.

இனிப் பெராராவுக்கு வருவோம். வெனிஸ், மிலான் போன்ற பெரிய அரசுகளுக்கிடையே நெருக்கப்பட்ட சிறிய நாடு அது. ஆண்ட குடும்பம் எஸ்தே. அந்தக் குடும்பத்தினர் கல்விக்கு முன்பே பேர் போனவர்கள். குவாரினோ என்ற புகழ்பெற்ற ஆசிரியரை 1429 இலேயே பெராராவுக்கு அழைத்து, இளவரசர் லியோனெல்லோவுக்குக் கற்பிக்க வைத்தார்கள். அந்த மாணவப் பரம்பரை இருந்த ஊரில், 1471 இல் கோமகனாக ஆட்சிக்கு வந்தவர் முதலாம் எர்கொலே. பெரிய படை இல்லாதவர் பெரிய விழாவால் பெயர் எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய உரோமின் நாடகத்தைத் தன் முற்றத்தில் நடத்துபவர் பழைய உரோமின் வாரிசு போலத் தோன்றுவார் அல்லவா? கலை ஆர்வம் இல்லை என்று சொல்ல வரவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன. முற்றத்தில் ஓடிய கப்பல் இதற்கு நல்ல உதாரணம். பிளாட்டஸின் நாடகத்தில் கப்பல் கிடையாது. கடற்பயணம் முடித்து வந்தவன் தரையைக் கண்ட மகிழ்ச்சியை வாயால் சொல்வான், அவ்வளவுதான். எர்கொலே அந்த வாய்ப்பேச்சுக்கு ஒரு கப்பலே செய்து விட்டார்.

ஆனால் அவர் எடுத்த முக்கியமான முடிவு கப்பலைப் பற்றியதல்ல, மொழியைப் பற்றியது. அதே காலத்தில் உரோமில் பொம்போனியோ லெத்தோ என்ற பேராசிரியர் தன் மாணவர்களைக் கொண்டு இதே நாடகங்களை இலத்தீனிலேயே நடிக்க வைத்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் ரசித்தார்கள். எர்கொலே அவற்றை இத்தாலிய மொழிச் செய்யுளில் மொழிபெயர்ப்பித்து மேடையேற்றினார். அதனால் முற்றத்தில் கூடியிருந்தவர்களுள் இலத்தீன் அறியாதவரும் சிரித்திருக்க முடியும். பாடமாயிருந்தது மறுபடியும் நாடகமானது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது? சிராக்கூஸ் நகரத்து வணிகர் ஒருவருக்கு இரட்டை ஆண் பிள்ளைகள். ஏழு வயதில் ஒருவன் விழாக் கூட்டத்தில் தொலைந்து, எபிடாம்னஸ் என்ற கடற்கரை ஊரில் வளர்கிறான். அது இன்றைய அல்பேனியாவிலுள்ள டூரஸ் நகரம். அவன் பெயர் மெனைக்மஸ். தொலைந்த பிள்ளையின் நினைவாக, வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைக்கும் பாட்டன் அதே பெயரை வைத்து விடுகிறார். இந்த இரண்டாவது மெனைக்மஸ் வளர்ந்து, தன் அடிமை மெசெனியோவோடு ஆறு வருடங்கள் அண்ணனைத் தேடி அலைந்து, கடைசியில் அதே ஊரில் வந்து இறங்குகிறான். அதன்பிறகு ஊரே குழம்புகிறது. அண்ணன் மனைவியிடமிருந்து களவாக எடுத்த மேலாடை தம்பி கைக்கு வருகிறது. அண்ணனுக்குச் சமைத்த விருந்தைத் தம்பி சாப்பிடுகிறான். அண்ணி அவனைப் பிடித்துத் திட்டுகிறாள். 'நீ யார்?' என்று அவன் கேட்க, அவள் தன் தகப்பனை அழைத்து வருகிறாள். மாமனார் வைத்தியரைக் கூட்டி வருகிறார். வைத்தியர் வந்தவுடன், நீ குடிப்பது வெள்ளை மதுவா சிவப்பு மதுவா என்று நோயாளியிடம் விசாரிக்கிறார். பைத்தியம் என்று முத்திரை குத்தி ஆட்கள் தூக்கிச் செல்ல முயல்வது தம்பியை அல்ல, ஒன்றுமறியாத அண்ணனை.

இரட்டை வேடப் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகத் தெரியாது. இதன் நுட்பம் என்னவென்றால், இரண்டு பேர் என்பது பார்க்கும் நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும், மேடையிலிருப்பவர் ஒருவருக்கும் தெரியாது. தம்பி அண்ணனைத் தேடித்தான் வந்திருக்கிறான். ஊரிலுள்ள எல்லாரும் அவனை அண்ணனின் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அப்படியும் அவனுக்கு விளங்கவில்லை! இறுதியில் முடிச்சை அவிழ்ப்பவன் மெசெனியோ, அடிமை. அதற்குப் பரிசாக அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. இதைத் தனியாக வாசித்தபோது எனக்கு யார் எந்த மெனைக்மஸ் என்றே பிடிபடவில்லை. வகுப்பில் இரண்டு பேரை எழுப்பி நிறுத்தி, ஒரு தாவணியைக் கைமாற்றி வாசித்தபோது ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெளிந்தது. ஆசிரியை உட்பட எல்லாரும் சிரித்தோம்.

பெராராவில் அந்த ஒருநாள் வெற்றி வழக்கமாக மாறியது. 1487 இல் ஒரு திருமணத்துக்குப் பிளாட்டஸின் 'அம்பிட்ரியோ'. 1491 இல் எர்கொலேயின் மகன் அல்போன்சோவின் முதல் திருமணத்தில் டெரன்ஸின் 'அந்திரியா'வும் சேர்ந்தது. 1502 பெப்ரவரியில், பாப்பரசர் ஆறாம் அலெக்சாண்டரின் மகள் லுக்ரேசியா போர்ஜியாவை அல்போன்சோ மறுமணம் செய்தபோது, பிளாட்டஸின் ஐந்து நாடகங்கள் ஐந்து இரவுகளில் நடந்தன. அந்த நாட்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் ஒரு பெண். எர்கொலேயின் மகளும் மாந்துவா நாட்டின் அரசியுமான இசபெல்லா, அங்கே தங்கியிருந்த தன் கணவருக்குக் கடிதங்கள் எழுதினார். மண்டபத்தின் நீள அகலம்கூட எழுதியிருக்கிறார். படிவரிசை ஆசனங்களில் பெண்களுக்கு நடுப்பகுதி, ஆண்களுக்கு இரு பக்கங்கள், இடையே தடுப்பு. முதல் இரவு நடிகர்கள் எல்லாரும் ஆடை அணிந்து வரிசையாக வலம் வந்தார்கள். மொத்தம் 110 ஆடைகள். ஒரு நாடகத்தின் ஆடையை இன்னொன்றுக்குப் போடவில்லை என்று விருந்தினர் கண்ணால் காண வேண்டுமாம்! பிளாட்டஸ் வேடமிட்ட ஒருவர் வந்து ஐந்து கதைகளின் சுருக்கத்தையும் சொன்னார்.

அதே இசபெல்லா, இரண்டாவது நாடகமான 'பக்கிடேஸ்' மிக நீளம், மிகவும் சலிப்பு, நடுவில் போதிய நடனமும் இல்லை, மாந்துவாவில் இருந்திருக்கலாமே என்று பல தடவை தோன்றியது என்றும் எழுதினார். எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்த இடம் இதுதான். பழைய இலக்கியம் என்றதும் பிடிக்காவிட்டாலும் தலையாட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. உண்மையில் அங்கத்துக்கு அங்கம் இடையே வைக்கப்பட்ட இடைக்காட்சிகளுக்காகவே பலர் வந்தார்கள். தீப்பந்தங்கள், வாத்தியங்கள், வாள் வீசி ஆடும் 'மொரெஸ்கா' நடனங்கள். மொரெஸ்கா என்றால் மூர்களின் ஆட்டம் என்று பொருள், ஸ்பெயினின் முஸ்லிம்களை ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. பிளாட்டஸ் சாப்பாடு என்றால் இவை ஊறுகாய். பலருக்கு ஊறுகாயே போதுமானதாக இருந்தது.

இன்னொரு கடிதமும் இருக்கிறது. அது என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. 1491 இல் இசபெல்லா வெனிஸிலிருந்த தன் முகவருக்கு எழுதியது. ஒன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட, இயன்ற அளவு கறுப்பான ஒரு சிறுமியை வாங்கி அனுப்பும்படி அதில் கேட்கிறார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் அந்த அரண்மனைகளில் விளையாட்டுப் பொருள் போல இருந்தார்கள். இதை எழுதியபோது இசபெல்லாவுக்கு ஏறக்குறைய என் வயது. அதே ஆண்டு, அதே குடும்பத்தின் திருமணத்தில்தான் 'அந்திரியா' நடந்தது. கார்த்தேஜிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளை வளர்ந்து எழுதிய நாடகம் அது. மேடையில் அடிமை எசமானை ஏமாற்றும்போது கைதட்டியவர்கள், தங்கள் காலடியில் இருந்த பிள்ளையை ஒரு கணமாவது திரும்பிப் பார்த்தார்களா? உரோமர்களும் இப்படித்தான் சிரித்தார்கள், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் அடிமைகளை அடித்தார்கள். நகைச்சுவை அதிகாரத்தைத் தலைகீழாக்கும் என்று நாங்கள் பரீட்சையில் எழுதுகிறோம். மேடையில் தலைகீழாக்கும், உண்மை. நாடகம் முடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் போலிருக்கிறது.

பெண் பாத்திரங்களின் கதையும் இதற்கு அருகில்தான். 'அந்திரியா'வில் கதை முழுவதும் கிளிசேரியம் என்ற பெண்ணைச் சுற்றியே நடக்கிறது. அவள் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. பிரசவ வேதனையில் உள்ளிருந்து எழும் ஒரு குரல், அவ்வளவே. மதிப்புள்ள குடும்பத்து இளம்பெண் தெருவில் நின்று பேசக்கூடாது, மேடையோ தெரு. மேடைக்கு வரும் பெண் பாத்திரங்களையும் உரோமில் ஆண்களே நடித்தார்கள், பெராராவிலும் ஆண்களே. எங்கள் கல்லூரியில் தமிழ்மொழித் தினத்துக்கு நாடகம் போட்டால் தகப்பனாரும் நாங்களே, பொலிஸ்காரரும் நாங்களே. மீசையை மையால் வரைந்துகொண்டு நிற்கும்போது, அந்தக் காலத்து இத்தாலியப் பையன்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றிருப்பது என் மனக்கண்ணில் வரும்.

உரோம் நகரத்து மாணவர்களைப் பற்றியும் ஒரு சம்பவம் உண்டு. லெத்தோவின் வட்டத்தினர் செனெக்காவின் துன்பியல் நாடகமொன்றை நடித்தபோது, காட்சியமைப்பின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. பேத்ரா என்ற அரசியாக வேடமிட்டிருந்த தொமாசோ இங்கிராமி என்ற மாணவன், அதைச் சரிசெய்து முடிக்கும்வரை இலத்தீன் கவிதைகளைத் தானாகவே கட்டிச் சொல்லிச் சபையைச் சமாளித்தான். அன்றிலிருந்து ஆயுள் முழுவதும் அவனுக்குப் 'பேத்ரா' என்றே பெயர். மனனம் செய்த மொழி நடிக்கும்போதுதான் தன் மொழியாகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த இங்கிராமி வளர்ந்து, 1513 இல் உரோமின் கப்பிட்டோல் குன்றில் பிளாட்டஸின் 'பொயேனுலஸ்' நாடகத்தை நெறியாள்கை செய்தார். அந்தப் பெயரின் பொருள் 'சின்னக் கார்த்தேஜியன்'. காணாமற்போன தன் மகள்மாரைத் தேடி வரும் ஹன்னோ என்ற கார்த்தேஜ் நாட்டுத் தகப்பன் அதில் வருகிறார். உரோமருக்கும் கார்த்தேஜுக்கும் பெரும் போர் நடந்து முடிந்த காலத்தில் எழுதப்பட்டும், அவரைப் பாசமுள்ள மனிதராகவே பிளாட்டஸ் காட்டுகிறார். ஹன்னோ மேடைக்கு வந்து முதலில் பேசுவது இலத்தீன் அல்ல, அவருடைய சொந்தப் பியூனிக் மொழி. எனக்கு அந்த மொழி தெரியும் என்று ஓர் அடிமை பீற்றிக்கொண்டு எல்லாவற்றையும் தாறுமாறாக மொழிபெயர்க்கிறான். பியூனிக் மொழி அறபுக்கும் ஹீப்ருவுக்கும் உறவு மொழி. கார்த்தேஜ் என்ற பெயரே அம்மொழியில் 'கர்த் ஹதஷ்த்', புதிய நகரம். புதியது என்னும் பொருளுள்ள அந்த 'ஹதஷ்' என்ற வேரும், நாம் மதிப்போடு சொல்லும் ஹதீஸ் என்ற அறபுச் சொல்லின் வேரும் ஒன்றே. அறபில் ஹதீஸ் என்பதற்குப் புதியது என்ற பொருளும் உண்டு. இதை அறிந்தபோது, அந்த உரோம நாடகம் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மொழிபெயர்த்து நடித்தவர்கள் கொஞ்சக் காலத்தில் தாமே எழுதத் தொடங்கினார்கள். பெராராவில் எர்கொலேயின் நாடகங்களைப் பார்த்தும் அவற்றில் பங்கெடுத்தும் வளர்ந்த லுடோவிக்கோ அரியோஸ்தோ, 1508 இல் 'கஸாரியா' என்ற தன் நாடகத்தை மேடையேற்றினார். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒருநாளும் நடிக்கப்படாத புதிய நாடகம் இது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் தந்திரக்கார வேலைக்காரர்களும் பணமில்லாத இளைஞர்களும் அப்படியே இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வீடுகளும் கோயில்களும் மணிக்கோபுரங்களும் தோட்டங்களும் தூரம் தூரமாய்ப் போவதுபோல ஓவியர் பெல்லெக்ரினோ வரைந்திருந்தார். கதவுகள் மட்டும் இருந்த தெரு ஒரு முழு நகரமாயிற்று. மறு வருடம் எழுதிய 'இ சுப்பொசித்தி'யில் அரியோஸ்தோ இன்னும் துணிந்தார், கதை நடக்கும் இடத்தைப் பெராராவாகவே வைத்தார். 1519 இல் அது உரோமில் பாப்பரசர் பத்தாம் லியோவின் முன் நடந்தபோது காட்சி வரைந்தவர் ரபாயேல்.

1513 இல் உர்பினோ அரண்மனையில் நடந்த பிபியேனாவின் 'கலாந்திரியா', 'மெனைக்மி'யையே எடுத்து ஒரேயொரு மாற்றம் செய்தது. இரட்டையர் இருவரும் ஆண்கள் அல்ல, ஒருவர் ஆண், ஒருவர் பெண். தன் ஊர் போரில் வீழ்ந்தபோது உயிர் பிழைக்க அந்தப் பெண் ஆணுடை அணிகிறாள். சின்ன மாற்றம்தான். ஆனால் கதவுக்குப் பின்னால் குரலாக மட்டும் இருந்த பெண்ணுக்கு இப்போது தெருவில் நிற்க ஒரு வழி பிறந்தது. மாக்கியவெல்லியும் 1525 இல் பிளாட்டஸின் 'கசினா'வைப் புளோரன்ஸ் நகரத்துக் கதையாக்கி 'கிலிசியா' என்று எழுதினார். அரசியல் பாடத்தில் நாம் பயத்தோடு படிக்கும் அதே மாக்கியவெல்லிதான்!

பெராராவில் நிரந்தரமான ஓர் அரங்கு 1531 இல் கட்டப்பட்டது. 1532 ஆம் ஆண்டின் கடைசி நாளில் அது எரிந்துபோயிற்று. அடுத்த வருடம் அரியோஸ்தோவும் இறந்தார். ஆனால் அதற்குள் கதைகள் அரண்மனை மதிலைத் தாண்டிவிட்டன. பிளாட்டஸின் வாய்ச்சவடால் வீரன் தெருத்தெருவாக நடித்துத் திரிந்த இத்தாலியக் குழுக்களில் 'கப்பித்தானோ' ஆனான். பிளாட்டஸின் கஞ்சன் 1668 இல் பாரிஸில் மொலியேரின் 'கஞ்சன்' ஆனான். 'மெனைக்மி'யை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஷேக்ஸ்பியர். ஒரு சோடி இரட்டையர் போதாது என்று 'அம்பிட்ரியோ'விலிருந்து வேலைக்கார இரட்டையரையும் சேர்த்து நான்கு பேராக்கினார்.

அந்த நாடகம், 'தவறுகளின் நகைச்சுவை', 1594 டிசம்பர் 28 ஆம் திகதி இரவு இலண்டனில் 'கிரேஸ் இன்' என்ற சட்ட மாணவர் மண்டபத்தில் நடந்தது. பெராராவின் கப்பலுக்குப் பிறகு 108 வருடங்கள். அன்று மண்டபத்தில் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். மேடையிலேயே ஆட்கள் ஏறி நின்றுகொண்டார்கள். அயல் சட்டக் கல்லூரியிலிருந்து பிரதான விருந்தினராக வந்தவர்கள் இடமில்லாமல் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். நடனம் ஆடிப் பார்த்தார்கள், குழப்பம் அடங்கவில்லை. கடைசியில் நாடகத்தைப் போட்டார்கள். அந்த இரவுக்கே 'தவறுகளின் இரவு' என்று மாணவர்கள் பெயர் வைத்தார்கள். பிறகு, சட்டம் படிப்பவர்கள் அல்லவா, இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் யாரோ ஒரு மந்திரவாதிதான் என்று குற்றப்பத்திரம் தாக்கல் செய்து, ஒரு போலி விசாரணையும் நடத்தினார்கள்.